உரத்த பெட்டியில் இனிய நாதம்

முன்னுரை

மாதவி ஆடிய அரங்கிற்கு வேண்டிய ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் உரிய இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை வகுத்துரைக்கிறது. அவர்களுள் தண்ணுமை ஆசிரியன், பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அறிந்தவனாதல் வேண்டும் என்பது அந்நூல் காட்டும் தகுதி. கருவியின் பெருமை அது எழுப்பும் உரப்பில் இல்லை. இடமும் அளவும் அறிந்து ஒலிப்பதில் உள்ளது என்பது இதனால் பெறப்படும். வகுப்பறையில் பலமுறை நாம் கூறிவந்த இவ்வுண்மையைத் திருப்பெரும்புதூரின் வாடகை அறை ஒன்றில் இருந்த பழைய வால்வு ஆம்ப்ளிபயர் நமக்கே மீண்டும் கற்பித்தது.

நம் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பிரஸ் பிரிவில் பணியாற்றுகிறார். கல்லூரி நாளிலேயே கித்தார் வாசிப்பில் தேர்ந்தவர். கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்றிடமிருந்து, 1970களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 50 வாட் கித்தார் ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கியிருந்தார். "ஐயா, வால்யூமைக் குறைத்தால் தகரத்தைத் தட்டியது போல் ஒலிக்கிறது. கூட்டினால் நாதம் வருகிறது, ஆனால் தெருவே எழுந்துவிடுகிறது" என்றார். இச்சிக்கல் ஏன் எழுகிறது, அதனைத் தீர்ப்பது எங்ஙனம் என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வால்வு செய்யும் வேலை

நம் இளமையில் சிற்றூர்த் திருமண வீடுகளுக்கு வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளுள் சில வால்வுப் பெட்டிகள். சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு வாராது. உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல்கள் செந்நிறமாய் ஒளிரத் தொடங்கிச் சற்று நேரம் கழிந்த பின்னரே, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வாய் திறக்கும். அந்தக் குழலே வால்வு.

1904ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரு முனைகள் கொண்ட வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அவ்விரு முனைகளுக்கு இடையே மூன்றாவதாக ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். சூடேறிய முனையிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்கள், காற்று நீக்கப்பட்ட வெளியைக் கடந்து எதிரே உள்ள தகட்டை அடைகின்றன. இடையிலுள்ள வலையில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் அந்த ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. மதகுப் பலகையைச் சிறிது உயர்த்தினால் ஏரி நீர் பெருகிப் பாய்வது போன்றது இது. கித்தார்க் கம்பியின் அதிர்வு தரும் நுண்ணிய மின்குறிப்பு, மதகைத் திறக்கும் கையாகிறது. பாய்கின்ற நீரோ மின்வழங்கியிலிருந்து வருவது.

கித்தார் ஆம்ப்ளிபயரில் இவ்வேலை இரு நிலைகளில் நிகழும். இ.சி.சி. 83 போன்ற சிறு வால்வுகள் குறிப்பை முதலில் வளர்க்கின்றன. இ.எல். 34 போன்ற பெரிய வால்வுகள் அதற்கு ஆற்றலை ஊட்டுகின்றன. பின்னர் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் வழியாக அது ஸ்பீக்கரைச் சென்று சேர்கிறது.

வால்வு நமக்கு அந்நியமான பொருளன்று. 1954இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலிக்குரிய வால்வுகளைச் செய்தது. அதன் பெயர் பொறித்த இ.சி.சி. 83 வால்வுகளை இன்று வெளிநாட்டு இசைக்கலைஞர்களும் தேடிப் பெறுகின்றனர். 1947இல் தோன்றிய டிரான்சிஸ்டர் படிப்படியாக வால்வின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. எனினும் கித்தார்க் கலைஞர் மட்டும் வால்வைக் கைவிட்டாரில்லை. அதன் காரணத்தை இனிக் காண்போம்.

திரிபே நாதமாதல்

பெருக்கியின் கடமை, வந்த குறிப்பை மாற்றாது பெரிதாக்குதல். மாற்றினால் அதனைத் திரிபு என்பர். வானொலிக்கு அது குற்றம். கித்தாருக்கோ அக்குற்றமே குணமாகிறது. இது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் நம் இசை மரபை அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலை வைத்து ஜீவா கூட்டுகிறோம். அந்நூல் கம்பியின் இயல்பான அதிர்வுக்குச் சிறு தடையே. அத்தடையினால்தான் மேற்சுரங்கள் பல கிளைத்தெழுந்து தம்புரா உயிர் பெறுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு இடையே குச்சி செருகுவதும் இத்தகையதே. அளவோடு வைத்த இடையூறு நாதத்தை வளர்க்கிறது. அளவு மீறினால் இரைச்சலாகிறது.

வால்வும் இவ்வாறே தொழிற்படும். தன் ஆற்றலின் எல்லையை நெருங்கும்போது அது குறிப்பின் உச்சியைக் கத்தரித்து எறிவதில்லை, மெல்ல மழுக்குகிறது. அங்ஙனம் மழுங்கும்போது மேற்சுரங்கள் தோன்றுகின்றன. அதே வேளையில் மின்வழங்கியும் சற்றே தளர்ந்து மீள்வதால், மீட்டிய ஒலி முதலில் அமுங்கிப் பின் மலர்வது போன்ற உணர்வு உண்டாகிறது. விரலை அழுத்தி மீட்டினால் சீறுகிறது. மென்மையாய் மீட்டினால் தெளிகிறது. பேச்சில் குரல் உயர உயரச் சற்றுக் கம்முவதை இதற்கு ஒப்பிடலாம். டிரான்சிஸ்டர்ப் பெருக்கி பெரும்பாலும் எல்லை வரை தூய்மையாய் நின்று, எல்லையில் திடீரெனக் குறிப்பை வெட்டிவிடும். வேறுபாடு இதுவே.

ஆகவே வால்யூமைக் குறைத்தபோது மாணவரின் பெட்டி தகரமாய் ஒலித்ததற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, பெரிய வால்வுகள் உழைக்கவேயில்லை. எனவே மழுங்கலும் மலர்ச்சியும் இல்லை. இரண்டாவது, இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் வால்யூம் திருகுக்குக் குறுக்கே ஒரு சிறு கண்டென்சர் உண்டு. திருகு குறைவாக இருக்கும்போது அது உயர்ந்த சுரங்களை மட்டும் தங்கு தடையின்றிச் செல்ல விடும். திருகு ஏற ஏற அதன் விளைவு மறையும். மூன்றாவது, நம் செவியின் இயல்பு. ஒலி தாழும்போது மந்தர சுரங்களை நம் செவி பெரிதும் இழந்துவிடுகிறது. பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933இல் இதனை அளந்து காட்டினர். ஆக, பெட்டியும் செவியும் சேர்ந்தே நாதத்தைக் குறைக்கின்றன.

உரத்த பெட்டி பிறந்த வரலாறு

இவ்வளவு உரத்த பெட்டியை ஏன் செய்தனர் என்ற வினா எழலாம். ஜிம் மார்ஷல் என்பார் முரசு வாசித்தவர், முரசு கற்பித்தவர். மேற்கு இலண்டனின் ஹான்வெல் பகுதியில் 1960இல் இசைக்கருவிக் கடை தொடங்கினார். கடைக்கு வந்த இளைஞர்களின் விருப்பத்திற்கிணங்க, அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்தாரின் பேஸ்மன் ஆம்ப்ளிபயரை முன்மாதிரியாகக் கொண்டு 1962இல் அவரும் அவருடைய தொழில்நுட்பத் துணைவரும் தம் முதற் பெட்டியை உருவாக்கினர். அக்கால அரங்குகளில் கித்தாரின் ஒலியை அரங்கெங்கும் பரப்பத் தனி ஒலியமைப்பு இல்லை. கூட்டத்தின் ஆரவாரத்தையும் முரசையும் வென்று பின்வரிசை வரை கேட்கச் செய்யும் பொறுப்பு முழுவதும் கித்தார்ப் பெட்டியின் மீதே விழுந்தது. எனவே 50 வாட் போதாதென்று 100 வாட் பெட்டிகளும் வந்தன.

திருப்பெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் வீதிப் புறப்பாட்டில் ஒலிக்கும் நாதசுரத்தை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அது வீதிக்கென்றே பிறந்த கருவி. வீணையோ கூடத்திற்குரியது. மார்ஷலின் பெட்டி நாதசுர இனத்தைச் சேர்ந்தது. அதனைப் பத்தடி அறைக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் சிக்கலின் வேர்.

இச்சிக்கல் பிறந்த இடத்திலேயே பெரியோரும் அதனை எதிர்கொண்டனர். 1966இல் ஜான் மேயால் குழுவினரின் இசைத்தட்டு இலண்டன் டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகியது. கித்தார் வாசித்தவர் இளைஞரான எரிக் கிளாப்டன். பெட்டியை அடக்கி வைத்து, ஒலிவாங்கியை அதன் அருகே வைப்பது அக்கால வழக்கம். மேடையில் வாசிக்கும் அதே உரப்பில்தான் வாசிப்பேன் என்று அவர் உறுதியாய் நின்றார். ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துப் பதிவு செய்தனர். அந்த இசைத்தட்டின் நாதமே பின்வந்த தலைமுறைக்கு இலக்கணமாயிற்று. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவர் வாசித்தது ஒலிப்பதிவுக் கூடத்தில். அடுத்த அறையில் இரவுப் பணி முடித்து உறங்குவார் எவருமில்லை.

வாட்டும் டெசிபலும்

வால்யூமைச் சற்றே தாழ்த்தினால் போதாதா என்பார்க்குக் கணக்கு விடை கூறும். கித்தாருக்குரிய 12 அங்குல ஸ்பீக்கர்கள் ஒரு வாட் ஆற்றலிலேயே ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 98 டெசிபல் ஒலி தருவன. 50 வாட் கொடுத்தால் 17 டெசிபல் கூடி 115 ஆகும். ஆற்றலைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. செவிக்குப் பாதி ஒலியாகத் தோன்றவேண்டுமாயின் 10 டெசிபல் குறையவேண்டும். அதற்கு ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காக்கவேண்டும். எனவே 50 வாட் பெட்டியை விற்று 25 வாட் பெட்டியை வாங்குவதால் பெரும்பயன் இல்லை. அரை வாட்டில் கூட 95 டெசிபல் எழும். அறைக்குள் வாசிப்பார் வாட்டின் சிறு பின்னங்களைப் பற்றியே எண்ணவேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

முதலில் பழுது நீக்கல்

நாதத்தை நாடும் முன் பெட்டியின் நலத்தை ஆராய்தல் வேண்டும். நாமும் மாணவரும் அப்பெட்டியைச் சென்னை ரிச்சி தெருவில் வானொலி பழுதுபார்ப்பதில் மூத்த ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் முதலில் கேட்டது, "மூடியைத் திறந்தீர்களா?" என்பதே. திறக்கவில்லை என்றதும் மகிழ்ந்தார். இப்பெட்டியினுள் 450 வோல்ட் வரை மின்னழுத்தம் உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கவல்லது. பயிற்சியில்லாதவர் கை வைத்தலாகாது.

அவர் செய்த பணிகள் நான்கு. ஐம்பதாண்டில் உலர்ந்துபோன மின்வழங்கிக் கண்டென்சர்களை மாற்றினார். தொடர்ந்த உறுமல் நின்றது. வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டி, மணிபோல் ஒலித்த ஒன்றை நீக்கினார். பெரிய வால்வுகளின் பயாஸைச் சரிசெய்தார். இ.எல். 34 தகடு தாங்கும் வெப்பம் 25 வாட்; ஓய்வு நிலையில் அதில் 70 விழுக்காடு, அதாவது 17.5 வாட் அளவில் நிறுத்துவது வழக்கம். 450 வோல்ட்டில் இது ஏறத்தாழ 39 மில்லி ஆம்பியர். இதனிற் குறைந்தால் ஒலி வறண்டு கரகரக்கும். மிகுந்தால் தகடு சிவந்து வால்வு அழியும். நான்காவதாக, பெட்டியின் மின்னழுத்தத் தெரிவை நம் நாட்டு 230 வோல்ட்டுக்கு ஏற்ப அமைத்தார். அமெரிக்கப் பெட்டியாயின் 120 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை.

பெட்டியைத் திருப்பித் தரும்போது, "அறையில் எர்த் இருக்கிறதா பாருங்கள்" என்றார். மாணவர் எலெக்ட்ரீசியனை அழைத்துச் சோதித்தபோது, மூன்று துளைப் பிளக்கின் மேல்துளைக்குப் பின்னே கம்பியே இல்லை. கம்பியைத் தொட்டபடி வாசிக்கும் கித்தார்க் கலைஞனுக்கு இஃது உயிர் பற்றிய செய்தி. எர்த் இணைத்த பின்னரே பெட்டி இயக்கப்பெற்றது. வாடகை அறைகளில் வாழும் நம் மாணவர் அனைவரும் இதனைச் சோதித்துக்கொள்வது நன்று. பெரியவர் கூறிய மற்றொரு விதியும் உண்டு: ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெட்டியை ஒருபோதும் இயக்கக்கூடாது. செல்ல வழியற்ற ஆற்றல் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும்.

நாதத்தைப் பெறும் வழிகள்

இனி, உரப்பைக் குறைத்து நாதத்தைக் காக்கும் வழிகளைத் தொகுத்துக் காண்போம்.

1. உள்ளீட்டைத் தெரிதல்: நான்கு துளை கொண்ட இப்பெட்டிகளில் உரத்த கூர்மைக்கு ஒரு பகுதியும் இயல்பான ஒலிக்கு ஒரு பகுதியும் உண்டு. தாழ்ந்த ஒலிக்கு இயல்பான பகுதியே ஏற்றது. இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துக் கலந்துகொள்வாரும் உளர்.

2. சுரத் திருகுகள்: ஒலி தாழும்போது மந்தரத்தையும் நடுச்சுரத்தையும் உயர்த்தி, உச்சத்தைக் குறைத்தல் வேண்டும். ஒலி கூடும்போது மந்தரத்தைக் குறைக்காவிடில் குழைந்து சேறாகும். மேடையில் வைத்த அளவை அறையிலும் வைப்பது பிழை.

3. கித்தாரின் வால்யூம்: பெட்டியை உழைக்கும் நிலையில் நிறுத்திவிட்டு, கித்தாரிலுள்ள திருகால் தெளிவையும் சீற்றத்தையும் ஆளுதல் வேண்டும். தேர்ந்த கலைஞரின் நுட்பம் பெரிதும் இத்திருகிலேயே உள்ளது.

4. தணிப்பான்: பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே வைக்கும் அட்டெனுவேட்டர் என்னும் கருவி, ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக்கிச் சிறுபகுதியையே ஸ்பீக்கருக்கு விடும். வால்வுகள் முழுதும் உழைக்கும், அறையோ அமைதியாகும். அது பெட்டியின் ஓம் அளவுக்குப் பொருந்தவேண்டும். 50 வாட் பெட்டிக்கு 100 வாட் வெப்பம் தாங்கும் கருவி வேண்டும். முழுதும் உழைக்கும் பெட்டி தன் அளவை மீறி ஆற்றல் தரும். குறையும் உண்டு: வால்வுகள் விரைவில் தேயும், மிக அடக்கினால் ஸ்பீக்கரின் அசைவு தரும் உயிர்ப்பு குறையும். இன்று வால்வுகள் சீனம், ரஷ்யா, சுலோவாக்கியா ஆகிய நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருவதால், தேய்மானத்தின் விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

5. ஸ்பீக்கர்: ஒரு வாட்டிற்குக் குறைந்த டெசிபல் தரும் ஸ்பீக்கரை மாற்றிப் பொருத்தினால் சில டெசிபல் குறையும். செலவு குறைந்த, தீங்கற்ற வழி இது.

6. இடம்: பெட்டியை மூலையில் வைத்தால் மந்தரம் வீங்கும்; தரையில் வைத்தால் அதிர்வு கீழ்வீட்டாரைச் சேரும். பலகை மீது உயர்த்தி, சுவரிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். உச்ச சுரங்கள் ஸ்பீக்கரின் நேரெதிரே கற்றையாய்ப் பாய்வன. கணுக்காலை நோக்கிய பெட்டியின் ஒலியைக் கேட்டு உச்சத்தைக் கூட்டுவார், எதிரிலிருப்பார் செவியைக் குத்துகிறார். பெட்டியைச் சாய்த்துத் தம் முகத்தை நோக்கி வைத்துக்கொண்டால் குறைந்த ஒலியே போதுமானதாகும்.

மாணவர் இவற்றுள் முதல் மூன்றையும் ஆறாவதையும் செலவின்றிச் செய்தார். பின்னர்த் தணிப்பான் ஒன்று வாங்கினார். நாம் அடுத்தமுறை சென்றபோது, பெட்டியின் ஒலிக்கு மேலே நாம் இயல்பான குரலில் பேச முடிந்தது; நாதமோ கனிந்திருந்தது.

செவியும் அயலும்

திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் என நீளும் இத்தொழில் வட்டாரத்தில் பகலும் இரவும் ஒருசேர மனிதர் உறங்குகின்றனர்; ஒருசேர உழைக்கின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 மகளிர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பெற்றது. அதனினும் பன்மடங்கினர் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். நாம் முதன்முறை சென்ற நாளில் மாணவர் பெட்டியை முழு உரப்பில் இயக்கிக் காட்டினார். சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நின்றவர் அடுத்த அறை இளைஞர். "அண்ணே, நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தேன்" என்றார். சினம் இல்லை, கண்கள் சிவந்திருந்தன. அப்போது காலை மணி பதினொன்று.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. தொழிற்பகுதிக்கு இவை முறையே 75, 70 ஆகும். சட்டத்தின் பகல் அந்த இளைஞருக்கு இரவு. இதனைச் சட்டம் காணாது, அயலார்தாம் காணவேண்டும்.

தம் செவியையும் கருதவேண்டும். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை எல்லையாக்கி, 115 டெசிபலுக்கு மேல் எவரையும் ஆட்படுத்தலாகாது என்கின்றன. அப்பெட்டி முழு உரப்பில் ஒரு மீட்டரில் தருவதும் அதே 115. பிரஸ் பிரிவில் எட்டு மணி நேரம் கழித்து வந்தவர் மேலும் இதனைக் கேட்பது செவிக்கு இரட்டைச் சுமை. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீள முளைப்பதில்லை. அன்று நம் சொற்களை மாணவர் இருமுறை திரும்பக் கேட்டதை நாம் கவனித்தோம். வினவியபோது, பணி முடிந்த இரவுகளில் காதில் 'கீ' என்று ஓர் ஒலி கேட்பதுண்டு என்றார். செவி மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளவும், பணியிடத்தில் காதடைப்பானை ஒருநாளும் விலக்காதிருக்கவும் வற்புறுத்தினோம். இசைக்காகவே வாழும் ஒருவன் செவியை இழந்தபின் எந்த நாதத்தை எங்கே தேடுவது?

நிறைவுரை

வால்வு தன் எல்லையைத் தொடும் இடத்தில் நாதம் பிறக்கிறது. அந்த எல்லையை அறையின் அளவுக்குக் கொண்டுவருவதே கலைஞன் கற்கவேண்டிய வித்தை. பழுது நீக்கிய பெட்டி, பொருந்திய பயாஸ், உறுதியான எர்த், அறிந்து திருப்பிய திருகு, தணிப்பான், தக்க இடம் ஆகியவை அதற்குத் துணை செய்வன. நிரப்பவும் அடக்கவும் அறிந்த தண்ணுமை ஆசிரியனின் தகுதி, மின்னணுக் காலத்துக் கித்தார்க் கலைஞனுக்கும் உரியதே.

மாணவர் இப்போது ஞாயிறு மாலைகளில் வாசிக்கிறார். அடுத்த அறை இளைஞரின் ஷிப்ட் அட்டவணை அவர் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது. அதனைப் பார்த்த பின்னரே பெட்டியின் சுவிட்சைப் போடுகிறார். வால்வுகள் சூடேறும் வரை காத்திருக்கிறார்.